இருக்கட்டும்

ஜூன் 4

அண்ணி,

நலம் விசாரிச்சு ஆரம்பிக்கப் போறதில்லை. நான் நல்லா இல்லை. நீங்க நல்லா இருக்கீங்கன்னு தெரிஞ்சா எனக்கு இன்னும் ஆத்திரம்தான் வரும். அதனால நேரா விஷயத்துக்கு வரேன்.

போன்ல உங்க நம்பரைத் தடை பண்ணி வெச்சிருக்கேன். பேசினா நடுவுல நான் அழுதுடுவேன், நீங்களும் உடனே 'சரி சரி, விடு'ன்னு முடிச்சுடுவீங்க. எழுதினா முழுசாத் திட்டலாம். குறுக்க யாரும் பேச முடியாது.

அன்னிக்குக் காலையில 'ஆபீஸ்ல அவசரமாக் கூப்பிட்டாங்க'ன்னு அண்ணன்கிட்ட சொல்லிட்டு உங்க வீட்டுலேர்ந்து ஊருக்குக் கிளம்பினேனே, அது பொய். அச்சகத்துல யாரும் என்னைத் தேடலை. போட்ட லீவு இன்னும் பாக்கி இருந்தது. நான் கிளம்பினதுக்குக் காரணம், உங்க உடற்பயிற்சிக் கூடத்து வாசல்ல, மாடிப்படி முடியற இடத்துல நீங்க புதுசா மாட்டின போர்டு.

'தோல் நோய் உள்ளவர்கள் பயிற்சி கூடத்துக்குள் வரக்கூடாது.'

பச்சைப் பலகை, வெள்ளை எழுத்து. படி ஏறி வர்ற யாரும் அதைப் படிக்காம கதவைத் தள்ள முடியாது. நானும் படிச்சேன். ஒரு கையில தண்ணி பாட்டில், இன்னொரு கையில சுருட்டின மேட். அப்படியே நின்னு திரும்பத் திரும்பப் படிச்சேன். உள்ளேயிருந்து நீங்க 'மூச்சை இழு, மூச்சை விடு'ன்னு கத்தற சத்தம் கேக்குது. யாரோ சிரிக்கற சத்தமும் கேக்குது.

இதுல ஒரு கொடுமை என்னன்னா, கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு நிக்கற அந்த நேரத்துலயும் 'பயிற்சி'க்கும் 'கூட'த்துக்கும் நடுவுல க் விட்டுப் போனது எனக்குத் தெரிஞ்சுது. என் பொழப்பு அப்படி. அடுத்தவங்க எழுதினதுல பிழை திருத்தியே வயித்தைக் கழுவறவ நான். என்னை வெளியில தள்ள ஒரே ஒரு வரி எழுதினீங்க. அதையாவது ஒழுங்கா எழுதித் தொலைச்சிருக்கக் கூடாதா?

முந்தின நாள் நடந்தது ஞாபகம் இருக்கா, இல்லை வசதியா மறந்துட்டீங்களா? உங்க கூடத்துக்கு வந்த நாள்லேர்ந்து நான் முழுக்கைச் சட்டை போட்டு, கழுத்து வரைக்கும் பட்டன் போட்டுத்தான் பயிற்சி பண்ணேன். உள்ள வேர்வை தேங்கி, செதில் இருக்கற இடமெல்லாம் வெடிச்சு எரியும். திட்டினது யாரு? நீங்கதான். 'அறிவிருக்கா உனக்கு? தோல் டாக்டர் என்ன சொன்னாரு? தொளதொளன்னு பருத்தித் துணி போடு, காத்துப் படட்டும், இறுக்கிப் பிடிக்கற எதையும் போடாதேன்னு சொன்னாரா இல்லையா? சொரியாசிஸ் என்ன கொலைக் குத்தமா? நாளைக்கு அரைக்கையோட வா. எவ என்ன சொல்றான்னு நான் பாத்துக்கறேன்.' இது உங்க வாயிலேர்ந்து வந்த பேச்சு. அதை நம்பி அரைக்கையோட வந்தேன். நாலு பேர் முன்னாடி என் முழங்கையை நான் வெளியில காட்டினது அன்னிக்குத்தான். பல் டாக்டர் மனைவி என்னை ஒரு பார்வை பாத்துட்டு மேட்டை இழுத்துக்கிட்டு ஜன்னல் ஓரமாப் போனாங்க. நீங்களும் பாத்தீங்க. ஒண்ணும் சொல்லலை. மறுநாள் போர்டு!

எனக்கு இது வெறும் ரோஷம் இல்லை அண்ணி. தோல்ல இருக்கறது மூட்டுக்குள்ளயும் இறங்கிடுச்சு, மருந்தோட சேத்து தினமும் உடம்பை அசைச்சே ஆகணும்னு டாக்டர் சொன்னது உங்களுக்கும் தெரியும். காலையில எழுந்தா விரல் மடங்காது. விரல் மடங்கலைன்னா பேனா இல்லை, பேனா இல்லைன்னா எனக்கு வேலை இல்லை. உங்க கூடத்துக்கு வந்தப்புறம்தான் அது கொஞ்சம் கொஞ்சமா வழிக்கு வந்தது. ஒரு நாள் எழுந்த உடனே கை முழுசா மூடுச்சுன்னு ஓடி வந்து, அடுப்படியில நின்ன உங்ககிட்ட முஷ்டியை மூடி மூடிக் காட்டினேனே. நீங்க அந்த முஷ்டியைப் பிடிச்சு முத்தம் கொடுத்தீங்க. அதெல்லாம் நடிப்பா?

பதில் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
தோல் நோய் உள்ளவள்


ஜூன் 10

அடி சிவப்புப் பேனா,

பதில் வேண்டாம்னு நீ எழுதிட்டா நான் வாயைப் பொத்திக்கிட்டு இருந்துடுவேனா? என்னை யாருன்னு நினைச்சே?

உன் கடிதத்தைப் படிச்சுட்டு, போட்ட நைட்டியோட மேல ஒரு துண்டைப் போட்டுக்கிட்டு நேரா கூடத்துக்கு ஓடினேன். முன்பக்கப் படி ஏறினேன். போர்டைப் படிச்சேன். ஐயோ கடவுளே! அங்கேயே படியில உக்காந்துட்டேன். தலை கிறுகிறுன்னு சுத்துச்சு.

நடந்ததைச் சொல்றேன், குறுக்க பேசாம கேளு. போன மாசம் கூடத்துல ஒருத்தி இருமிக்கிட்டே வந்தா, அவளால பாதிப் பேருக்குக் காய்ச்சல் வந்துச்சே, நீயும் மூக்கை உறிஞ்சிக்கிட்டுக் கிடந்தியே? அதுக்காகத்தான் போர்டு. போர்டு எழுதற பெயிண்டருக்கு போன் போட்டு 'தொத்து நோய் உள்ளவங்க வரக்கூடாதுன்னு எழுதிக் கொண்டு வந்து மாட்டிடுங்க'ன்னேன். பின்னாடி பாட்டு அலறுது, டிரெட்மில் கடகடன்னு ஓடுது. அந்த மனுஷன் 'என்ன நோய்ங்க?'ன்னு கேட்டாரு, 'தொத்து, தொத்து'ன்னு கத்தினேன், 'சரிங்க'ன்னாரு. தொத்து அவரு காதுல தோலாப் போச்சு! நான் எப்பவும் பின்பக்கப் படியிலதான் ஏறி இறங்குவேன்னு உனக்கே தெரியும். ஒரு தரம் கதவுகிட்ட நின்னு போர்டைப் பாத்தேன். 'நோய்'னு இருந்துச்சு, 'வரக்கூடாது'ன்னு இருந்துச்சு, சரி, சொன்னதை எழுதியிருக்காருன்னு போயிட்டேன். இவ்வளவுதான் நடந்தது. அரைக்கையும் போர்டும் அடுத்தடுத்த நாள் வந்தது என் கெட்ட நேரம்.

இப்போ என் முறை. என்ன நெஞ்சழுத்தம் இருந்தா ஒரு வார்த்தை கேக்காம ரயில் ஏறுவே? கதவைத் தள்ளி உள்ள வந்து 'என்ன அண்ணி இது'ன்னு ஒரு அதட்டல் போட்டிருக்கக் கூடாதா? என்னை அவ்வளவு கேவலமாவா எடை போட்டே? குளிச்சு வந்ததும் அழுத்தித் துடைக்காதே, ஒத்தி எடு, ஈரம் காயறதுக்குள்ள களிம்பைப் பூசுன்னு பாத்ரூம் கதவுக்கு வெளியில நின்னு தினமும் கத்தினது யாரு? வெந்நீர் கொதிக்கக் கொதிக்க ஊத்தாதேன்னு பக்கெட்ல கை விட்டுப் பாத்தது யாரு? முதுகுல உனக்கு எட்டாத இடத்துல எல்லாம் களிம்பு பூசிவிட்டது இந்தக் கைதானே? உன்னை வெளியில தள்ளணும்னு நினைக்கறவளா அதைச் செய்வா? நடிப்பான்னு கேட்டிருக்கியே, அந்த வார்த்தையை எழுத உனக்கு எப்படி மனசு வந்துச்சு?

போதாக்குறைக்கு அத்தை போன் பண்ணி 'என் பொண்ணை என்ன பண்ணி அனுப்பினே'ன்னு ஒரு பாட்டம். உன் அண்ணன் தட்டைத் தள்ளி வெச்சுட்டு எழுந்து போறாரு, அது அதைவிடக் கொடுமை. நான் செய்யாத தப்புக்கு எல்லார்கிட்டயும் வாங்கிக் கட்டிக்கறேன்.

முதல்ல தடையை எடு. அப்புறம் திரும்பி வா. விரல் என்ன ஆச்சு?

உன் அண்ணி


ஜூன் 15

அண்ணி,

நம்பறேன். படிச்சதும் முதல்ல சிரிப்பு வந்தது, அப்புறம் என் மேலயே எரிச்சல் வந்தது. தொத்து தோல் ஆனதை நம்பாம இருக்க முடியுமா? 'சிறந்த மாணவர்'ங்கறது 'இறந்த மாணவர்'னு அச்சாகி, ஒரு பள்ளிக்கூடமே எங்க வாசல்ல வந்து நின்ன கதை உங்களுக்குச் சொல்லியிருக்கேன். நீங்க போர்டைப் பாத்தும் தெரியாமப் போனதையும் நம்பறேன். எழுதச் சொன்னவங்க கண்ணுக்குத் தான் நினைச்சதுதான் தெரியும். அதனாலதான் எங்களை மாதிரி ஆளுங்களுக்கு உலகத்துல சோறு கிடைக்குது.

ரயில் ஏறினது அவசரம்தான். நடிப்புன்னு எழுதினது அதைவிட மோசம். அந்த வார்த்தையை அடிச்சுடுங்க.

விரல் நல்லா இல்லை. இங்க வந்தப்புறம் எந்தப் பயிற்சியும் பண்ணலை. அறையில தனியா மேட்டை விரிச்சேன். விரிச்சு வெச்சுட்டு அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். காலையில பல் தேய்க்கற பிரஷ்ஷை ரெண்டு கையாலயும் பிடிக்கறேன். மேலாளர் நேத்து என் மேஜைப் பக்கம் வந்து, 'கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கேம்மா, வேணும்னா இன்னும் கொஞ்ச நாள் ஓய்வெடுங்களேன்'னாரு. வேலையை விட்டு அனுப்பறதுக்கு முன்னாடி வர்ற கனிவான குரல் அது.

ஒரே ஒரு கேள்வி. உங்க கடிதத்தைக் கவனமாப் படிச்சேன். ஓடினேன்னு இருக்கு, படிச்சேன்னு இருக்கு, தலை சுத்துச்சுன்னு இருக்கு. கழட்டிட்டேன்னு ஒரு வார்த்தை இல்லை.

அந்த போர்டு இப்போ எங்க இருக்கு?

சிவப்புப் பேனா


ஜூன் 23

அன்புள்ள சிவப்புப் பேனாவுக்கு,

உடனே பதில் போட முடியலை, கோவிச்சுக்காதே. கூடத்துல வேலை.

பெயிண்டரை வரச் சொல்லி நல்லாத் திட்டினேன். 'தோலான்னு கேட்டேன், ஆமான்னு சொன்னது நீங்கதானே'ன்னு அவரு என்னையே மடக்கறாரு. ஒரு வார்த்தையை மாத்த எவ்வளவு நேரம் ஆகும், பிரஷ்ஷோட வந்து நிமிஷத்துல சரி பண்ணித் தரேன்னாரு. நானும் சரின்னுதான் சொன்னேன்.

அதுக்குள்ள ஒரு சிக்கல். பொறுமையா முழுசும் படி. பல் டாக்டர் மனைவி அன்னிக்கு எல்லார் முன்னாடியும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'நல்ல காரியம் பண்ணீங்க மாஸ்டரம்மா, இப்பத்தான் நிம்மதியா மேட்ல படுக்க முடியுது'ன்னாங்க. மத்தவங்களும் ஆமா ஆமான்னாங்க. எனக்கு நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு. அது தப்பா எழுதினதுன்னு சொல்ல வாயெடுத்தேன், அதுக்குள்ள அவங்க அவங்களோட சிநேகிதிங்க ரெண்டு பேரை இழுத்துக்கிட்டு வந்து சேத்து விட்டாங்க. எதிர்த் தெருவுல கண்ணாடிக் கதவு போட்டு, ஏசி போட்டு ஒரு ஜிம் திறந்திருக்கறது உனக்குத் தெரியும். இவங்க கோவிச்சுக்கிட்டுக் கிளம்பினா கூட்டமே அங்க போயிடும். இந்தக் கூடத்தை நான் எப்படி உண்டாக்கினேன்னு உனக்குச் சொல்லணுமா? உன் அண்ணன்கூட வேண்டாம்னுதானே சொன்னாரு. ஒத்தையா நின்னு கட்டினது.

அதனால கொஞ்ச நாள் இருக்கட்டும்னு விட்டிருக்கேன். கொஞ்ச நாள்தான். ஒரு செடித் தொட்டியைத் தூக்கி முன்னாடி வெச்சுட்டேன், இலை பாதியை மறைச்சுடுது. உனக்கு எந்தக் குறையும் இல்லாம நான் பாத்துக்கறேன். மத்தியானம் கூடம் காலியாத்தான் கிடக்கு. நீ வந்தா கதவைச் சாத்திட்டு உனக்கு மட்டும் தனியாச் சொல்லித் தரேன். ஃபேன் முழுசும் உனக்கே. முழுக்கை, அரைக்கை, எதுவேணா போட்டுக்கோ, யார் பாக்கப் போறா? பின்பக்கப் படியில வந்துடு, போர்டு கண்ணுலயே படாது.

வருவேதானே? விரலை நினைச்சாத் தூக்கம் வரலை.

அண்ணி


ஜூன் 27

அண்ணி,

பின்பக்கப் படி.

இந்த ரெண்டு வார்த்தையை எழுதின கையாலதான் என் முதுகுக்குக் களிம்பு பூசினீங்கன்னு நம்ப முடியலை. அதையும் கதவைச் சாத்திட்டுத்தானே பூசினீங்க? இப்போ தோணுது.

எங்க தொழில்ல ஒரு குறி இருக்கு. ஒரு சொல்லைத் தப்புன்னு அடிச்சுட்டு, அப்புறம் யோசிச்சு, அது அப்படியே அச்சாகட்டும்னு முடிவு பண்ணா, அந்தச் சொல்லுக்கு அடியில புள்ளி புள்ளியா வெச்சு ஓரத்துல 'இருக்கட்டும்'னு எழுதுவோம். அதுக்கப்புறம் அதைப் பிழைன்னு யாரும் சொல்ல முடியாது. அது பிழை திருத்துனவங்க ஒப்புக்கிட்ட வாசகம். பெயிண்டர் எழுதினது பிழை. நீங்க அதுக்கு அடியில புள்ளி வெச்சுட்டீங்க. 'கொஞ்ச நாள் இருக்கட்டும்னு விட்டிருக்கேன்.' உங்க கையெழுத்து, என் கண் முன்னாடி இருக்கு. இனிமே அது பெயிண்டர் எழுதின வரி இல்லை. நீங்க எழுதின வரி.

செடித் தொட்டியாம்! இலை மறைச்சுடுமாம்! முழுக்கைச் சட்டை போட்டு நான் மறைச்சப்போ என்னைத் திட்டினீங்களே, இப்போ நீங்க உங்க போர்டுக்கு முழுக்கை மாட்டி விட்டிருக்கீங்க.

கேக்கறேன், பதில் சொல்லுங்க. அந்தப் பல் டாக்டர் மனைவிக்கு நான் யாருன்னு தெரியுமா? ரெண்டு மாசம் ஒரே கூடத்துல கை காலை ஆட்டினோம். 'ஊர்லேர்ந்து வந்திருக்காங்க'ன்னு பொதுவா ஒரு வார்த்தை சொன்னீங்களே தவிர, என் நாத்தனார்னு வாயைத் திறந்து சொன்னீங்களா? நானும் பெருசா எடுத்துக்கலை. வேலை மும்முரத்துல இருக்காங்கன்னு நினைச்சேன். எவ்வளவு பெரிய மடச்சி நான்!

இது தொத்தாது. தொட்டா தொத்தாது, பக்கத்துல படுத்தா தொத்தாது, என் வேர்வை பட்டாலும் தொத்தாது. இதை ஒரு தரம், ஒரே ஒரு தரம், அந்தக் கூடத்து நடுவுல நின்னு சொல்ல வேண்டிய ஆள் நீங்க ஒருத்தர்தான். உங்க தொண்டை எவ்வளவு பெருசு! தெருக்கோடி வரைக்கும் கேக்கும் 'மூச்சை இழு, மூச்சை விடு'. இதுக்கு மட்டும் நாக்கு ஒட்டிக்கிச்சாக்கும்.

என்னைத் தனியா, மத்தியானத்துல, கதவைச் சாத்திட்டு அசைய வைக்க வேண்டாம். அப்படி அசைஞ்சு நிமிர்ற விரல் எனக்கு வேண்டாம். அது மடங்கினபடியே கிடக்கட்டும்.

இதை போன்ல சொல்லியிருந்தா நான் கத்தினது உங்களுக்குக் கேட்டிருக்கும். கடிதமாப் போனதால கேக்கலை. கத்தறேன்னு நினைச்சுப் படிங்க.

கையெழுத்து இப்படித்தான் இருக்கும். கோழி கிளறினது.


ஜூலை 19

நீ பதில் போடலை. நான் இடையில போட்ட ரெண்டு கடிதமும் பிரிக்காமலே திரும்பி வந்துச்சு. இதை உன் அண்ணன் கையெழுத்துல முகவரி எழுதி அனுப்பறேன். திட்டறதா இருந்தா பிரிச்சுட்டுத் திட்டு.

நடந்ததை மட்டும் சொல்றேன். சாக்கு எதுவும் சொல்லலை.

போன செவ்வாய்க்கிழமை புது மேட் கட்டு வந்துச்சு. பின்பக்கப் படி குறுகல், கட்டு நுழையலை. அதனால முன்பக்கமாத் தூக்கிக்கிட்டு ஏறினேன். மேல போர்டு முன்னாடி ஒரு பொண்ணு நின்னுக்கிட்டு இருந்தா. காலேஜ் படிக்கற வயசு இருக்கும். வெளியில வெயில் மண்டையைப் பிளக்குது, அவ முழுக்கை, கழுத்து வரைக்கும் பட்டன். கையில மேட். புது மேட், கவர்கூடப் பிரிக்கலை. செடி இலையை ஒரு விரலால ஒதுக்கிட்டுப் படிச்சுக்கிட்டு இருந்தா.

நான் இலையை வெச்சு மறைச்சதை அவ ஒதுக்கிப் படிக்கறா!

காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினவ, என்னைப் பாத்ததும் கையை முதுகுக்குப் பின்னாடி ஒளிச்சுக்கிட்டா. 'தெரியாம ஏறி வந்துட்டேன், மன்னிச்சுடுங்க'ன்னா. நான் இரும்மா இரும்மான்னு கத்தறேன், என் தலை உசரத்துக்குக் கட்டு இருக்கு, கீழ வைக்கறதுக்குள்ள அவ சுவரை ஒட்டி இறங்கிப் போயிட்டா. ஒரு பக்கம் ஒதுங்கி, என் மேல பட்டுடாம. தெருவுல இறங்கித் தேடினேன். காணோம்.

என்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுப் போச்சு அந்தப் பொண்ணு. என்கிட்ட! நீயும் அங்கதானே நின்னிருப்பே, மேட்டோட. அப்போ உள்ள நான் சிரிச்சுக்கிட்டு இருந்திருக்கேன். எனக்கு என் மேல வந்த ஆத்திரம் இருக்கே, அதை எழுதத் தெரியலை.

உள்ள போனேன். வகுப்பு ஆரம்பிக்கக் காத்திருந்தாங்க. சின்ன டம்பெல் ஒண்ணை எடுத்துக்கிட்டு வெளியில வந்து ஆணியை அடிச்சேன். சுவர் பேந்து வந்துச்சு, போர்டும் வந்துச்சு. எல்லாரும் ஓடி வந்துட்டாங்க. பல் டாக்டர் மனைவி 'ஏன் மாஸ்டரம்மா கழட்டறீங்க?'ன்னாங்க. உன்கிட்ட மறைக்காமச் சொல்றேன், 'எழுத்துப் பிழை, க் விட்டுப் போச்சு'ன்னு மழுப்பிடலாம்னு நுனி நாக்கு வரைக்கும் வந்துச்சு. நீ முதல் கடிதத்துல எழுதின அதே க். அதை வெச்சே தப்பிக்கப் பாத்தேன் பாரு!

சொல்லலை. 'அன்னிக்கு அரைக்கையோட வந்தாளே, அவ என் நாத்தனார். ரெண்டு மாசம் அவளுக்கு முதுகுல களிம்பு பூசினவ நான். எனக்கு ஒண்ணும் வரலை. அது தொத்தாது. அவளுக்குப் பயிற்சி உங்களைவிட அவசியம், இல்லைன்னா விரல் மடங்காது. அவ படுத்த மேட்லதான் நான் இப்போ தினமும் படுக்கறேன். பிடிக்காதவங்களுக்கு எதிர்த் தெருவுல கண்ணாடிக் கதவு திறந்திருக்கு'ன்னேன். தொண்டை பெருசுன்னு சொன்னே இல்லையா, தெருவுல போறவங்க நின்னு கேட்டாங்க. பல் டாக்டர் மனைவி, 'எங்ககிட்ட இதை முன்னாடியே சொல்லியிருக்கணும்'னு சொல்லிட்டு மேட்டைச் சுருட்டினாங்க. அவங்களோட ஒரு கும்பலும் போச்சு. மிச்சம் இருக்கறவங்களை ஒரே வரிசையில நிறுத்திடலாம்.

பெயிண்டர் வந்து எழுத்தை மாத்தித் தரேன்னாரு. வேண்டாம்னுட்டேன். இருமறவங்ககிட்ட வாயால சொல்லிக்கலாம். போர்டைச் சாக்குல சுத்தி, லாரி பார்சல்ல உன் பேருக்குப் போட்டிருக்கேன். உடைக்கறியோ எரிக்கறியோ, அது உன் சொத்து.

திரும்பி வான்னு கேக்க எனக்கு வாய் இல்லை. விரல் எப்படி இருக்குன்னு மட்டும் ஒரு வரி போடு.

உன்னை நாத்தனார்னு இப்பத்தான் சொன்ன அண்ணி


ஜூலை 28

அண்ணி,

போர்டு வந்து சேர்ந்தது. பார்சல் ஆபீஸ்ல பிரிச்சுப் பாத்துட்டு, 'இதை எங்கம்மா மாட்டப் போறீங்க?'ன்னு என் கையையும் போர்டையும் மாறி மாறிப் பாத்தாங்க. ஆட்டோவுல கூட வராதுன்னு தலையில தூக்கிக்கிட்டு வந்தேன். தோல் நோய் உள்ளவள் தோல் நோய் போர்டைச் சுமந்துக்கிட்டுத் தெருவுல நடந்ததை நீங்க பாத்திருக்கணும்.

உங்களை மன்னிச்சுட்டேன்னு எழுத மாட்டேன். முதல்ல அந்தப் பொண்ணைக் கண்டுபிடிங்க. காலேஜ் வாசல்ல நில்லுங்க, தோல் டாக்டர்கிட்ட சொல்லி வைங்க, மருந்துக் கடையில சொல்லி வைங்க. கவர் பிரிக்காத மேட்டோட அவ எங்கேயோ உக்காந்து அதையே பாத்துக்கிட்டு இருப்பா. எனக்குத் தெரியும். அவகிட்ட நீங்க கேக்க வேண்டியதைக் கேட்டுட்டு அப்புறம் என்கிட்ட மன்னிப்புக் கேக்க வாங்க.

விரலைக் கேட்டிருந்தீங்க. கையெழுத்தைப் பாத்தே தெரிஞ்சிருக்கும். இப்போ கோழி கொஞ்சம் நிதானமாக் கிளறுது.

உங்க கடிதங்களைத் திருப்பி அனுப்பின கோபத்துல இங்க ஒரு காரியம் பண்ணேன். நான் இங்க பாக்கற தோல் டாக்டர் வாசல் பெஞ்சுல வழக்கமா ஒரு பஸ் டிரைவர் உக்காந்திருப்பாரு. உள்ளங்கை பூரா வெடிப்பு. ஒரு கணக்கு டீச்சரும் வருவாங்க, அவங்களுக்குத் தலையிலயும் காலிலயும். உள்ள போய் வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் டாக்டர் சொல்றது ஒண்ணேதான், உடற்பயிற்சி பண்ணுங்க. 'எங்க போய்ப் பண்றது? பார்க்ல ஓடினாக்கூட விலகி நடக்கறாங்க'ன்னு டிரைவர் ஒரு நாள் வெடிச்சாரு. எனக்கு உங்க மேல இருந்த ஆத்திரம் அத்தனையும் அவரு குரல்ல கேட்டுச்சு. எழுந்து நின்னு, 'நாளைக்குக் காலையில எங்க அச்சகத்துக்கு வாங்க'ன்னுட்டேன். அப்புறம்தான் மேலாளர்கிட்ட அனுமதி கேட்டேன். காகிதம் வெக்கற பின்கட்டு அறை, பெரிய ஃபேன் இருக்கு, வேலை ஆரம்பிக்கறதுக்குள்ள முடிச்சுக்கோங்கன்னாரு. காகிதத்து மேல வேர்வை படக்கூடாதுன்னு மட்டும் சொன்னாரு. அது நியாயமான கவலை.

இப்போ அஞ்சாறு பேர் வரோம். எல்லாரும் அரைக்கை. தரையெல்லாம் செதில் விழுது, முடிஞ்சதும் ஆளுக்கொரு துடைப்பம் எடுக்கறோம், யாரும் மூஞ்சியைத் திருப்பறதில்லை. டிரைவருக்குக் கையை ஊனிப் பண்ற எதுவும் வேண்டாம்னு நானே முடிவு பண்ணிட்டேன், வெடிப்பு பிளந்துடும். முடிச்சதும் வேர்வை காயறதுக்கு முன்னாடி கழுவுங்க, ஒத்தி எடுங்க, களிம்பு பூசுங்கன்னு உங்களை மாதிரியே கத்தறேன். என் குரலைக் கேட்டா எனக்கே பயமா இருக்கு, அப்படியே நீங்க. ஆனா கணக்கு டீச்சருக்கு முட்டியை மடக்கச் சொல்லித் தர்றது சரியா வரலை. ஏதோ தப்பாச் சொல்லித் தரேன்னு தெரியுது. எனக்கு எழுத்துப் பிழைதான் திருத்தத் தெரியும், முட்டிப் பிழை தெரியாது.

அதுக்கு மட்டும் வாங்க. அண்ணனோட ரயில்ல வாங்க, அந்தப் பொண்ணைக் கண்டுபிடிச்சா அவளையும் இழுத்துக்கிட்டு வாங்க. வாசல் ஒண்ணுதான், பின்பக்கப் படி கிடையாது. உள்ள வந்ததும் நான் எல்லாருக்கும் உங்களை 'என் அண்ணி'ன்னு சொல்லித்தான் காட்டுவேன். ஒரு தரம் இல்லை, ஆளுக்கு ஒரு தரம்.

போர்டை என்ன பண்ணேன்னு கேக்க மாட்டீங்க, பயம் இருக்கும். சிவப்பு மையால அந்த க்-ஐ மட்டும் சேத்தேன், கை சும்மா இருக்கலை. அப்புறம் அறை வாசல்ல தரையோட தரையாப் போட்டேன். எல்லாரும் அதுமேலதான் செருப்பைக் கழட்டி விடறாங்க. 'எழுத்து மேல தெரியுதே மேடம், திருப்பிப் போட்டுடவா?'ன்னு டிரைவர் குனிஞ்சாரு.

'இருக்கட்டும்'னேன்.

ஞாயித்துக்கிழமை வாங்க. செருப்பை எங்க விடறதுன்னு யாரையும் கேக்க வேண்டாம். போர்டு இருக்கு.

உங்க நாத்தனார்